ஜோடிப் படம் பாருங்க, ஒண்ணு மட்டும் போதாது

1)
இன்னைக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை, மாத்திரை இல்லை. சினிமா பேசப் போறேன். ஆனா சுத்திச் சுத்தி கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேருவேன், தொழில் புத்தி அப்படி. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2)
அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க அஞ்சு பேர் கூடுவோம். ஆவடி டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர், எஸ்டேட்ல லேத் பட்டறை வச்சிருக்கிற நண்பன், பூந்தமல்லியில இருந்து பஸ் பிடிச்சு வர்ற தமிழாசிரியர், மெடிக்கல் ஷாப் தம்பி, நான்.

எங்க விளையாட்டு ரொம்ப எளிசு. ஒருத்தர் ஒரு படம் சொல்லணும். அடுத்தவர் அதுக்கு ஜோடி சொல்லணும். டைரக்டர் ஒருத்தரா இருக்கலாம், இல்லை கரு ஒண்ணா இருக்கலாம். ஏன் ஜோடின்னு காரணம் சொல்ல முடியலைன்னா அன்னைக்கு டீக்காசு அவர் தலையில.

3)
உதாரணத்துக்கு, மகேந்திரனோட 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979). ஒண்ணுல பாசம் கண்ணை மறைச்ச அண்ணன். இன்னொண்ணுல பாசம்னா என்னன்னே தெரியாத புருஷன்.

பா. ரஞ்சித்தோட 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014). ரஞ்சித் ஆவடி பக்கம் கரலப்பாக்கத்துக்காரர். அதனால இந்த ஜோடி வந்தாலே எங்க ஆளுங்களுக்கு ஊர்ப்பாசம் பொங்கிடும். முதல் படத்துல புறநகர் பையனோட காதல் சிரிப்பும் விளையாட்டுமா போகும். அடுத்த படத்துல ஒரு சுவர், யாருக்குச் சொந்தம்ங்கிற சண்டையில உயிரையே வாங்கும்.

4)
பல வருஷம் இப்படி விளையாடினதுல எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அதுதான் இந்தப் பதிவோட மையக் கருத்து.

ஒரு படம் மட்டும் பார்த்தா நாம தீர்ப்பு சொல்லிட்டு எழுந்து போயிடுவோம். "அவன் கெட்டவன், இவன் நல்லவன்", முடிஞ்சுது. அதே விஷயத்தைச் சொல்ற இன்னொரு படத்தைப் பக்கத்துல வச்சா, தீர்ப்பு கேள்வியா மாறிடும். "நம்ம வீட்ல எது நடக்குது?"ன்னு கேட்க ஆரம்பிப்போம்.

வீட்ல வயசானவங்க இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி தேவைப்படுது. ஏன்னு சொல்றேன்.

5)
முதல்ல எங்க ஆளுங்க என்னை வம்புக்கு இழுக்கிற ஜோடி. 'ரமணா' (2002), 'மெர்சல்' (2017). நடுவுல 15 வருஷம்.

செத்துப்போன ஒருத்தரை ஆஸ்பத்திரியில சேர்த்து, அவருக்கு "சிகிச்சை" பார்த்து பில் போடுற அந்த 'ரமணா' காட்சியை மறந்தவங்க யாராவது இருக்கீங்களா? எந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாலும் யாராவது ஒருத்தர் அந்தக் காட்சியைச் சொல்லுவார். 'மெர்சல்' வந்தப்போ மருத்துவர்கள் பக்கமிருந்து எதிர்ப்பும் வந்துச்சு.

6)
என் கருத்து: அந்தக் கோபம் வெறும் சினிமாக் கோபம் இல்லை. காசைக் கட்டிட்டுத்தான் உள்ள வரணும்னு கேட்ட அனுபவம் இங்க பல குடும்பங்களுக்கு இருக்கு. அதை "படம் பார்த்து கெட்டுப்போன ஜனங்க"ன்னு நாங்க ஒதுக்கிட முடியாது.

ஆனா 'மெர்சல்'ல 5 ரூபாய் டாக்டரும் இருக்கார். அது கற்பனையும் இல்லை. வியாசர்பாடியில டாக்டர் திருவேங்கடம் 2 ரூபாய்ல ஆரம்பிச்சு, பிறகு 5 ரூபாய் வாங்கிக்கிட்டு கடைசி வரைக்கும் வைத்தியம் பார்த்தார். 2020-ல காலமானார். ஜோடியா பார்த்தா ரெண்டு வகை மருத்துவமும் நம்ம ஊர்லயே இருக்குன்னு தெரியும். 'ரமணா' மட்டும் மனசுல நின்னா பயம்தான் மிஞ்சும். அந்தப் பயம் எங்க கொண்டுபோய் விடும்ங்கிறதுக்கு அடுத்த ஜோடிக்கு வாங்க.

7)
'கே.டி. (எ) கருப்புதுரை' (2019), 'பாரம்' (2020).

பாதிப் பேர் ரெண்டையும் பார்த்திருக்க மாட்டீங்க. ரெண்டுக்கும் கரு ஒண்ணுதான்: தலைக்கூத்தல். படுக்கையில விழுந்த பெரியவங்களைக் குடும்பமே சேர்ந்து சாகடிக்கிறது. தென்மாவட்டங்கள்ல விருதுநகர் பக்கம் வழக்கத்துல இருந்ததா செய்திகள்ல நிறைய வந்த விஷயம். "வழக்கம்"னு சொன்னாலும் சட்டப்படியும் மருத்துவப்படியும் அது கொலை.

8)
மதுமிதா எடுத்த கே.டி.யில மு. ராமசாமி பெரியவரா நடிச்சிருக்கார். கோமாவுல இருந்து கண் முழிக்கிறவர், தன்னை முடிச்சிடலாம்னு சொந்தப் பிள்ளைங்களே பேசுறதைக் கேட்டுட்டு வீட்டை விட்டு ஓடிடுறார். வழியில குட்டின்னு ஒரு பையன் கிடைக்கிறான். ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொண்ணா நிறைவேத்திக்கிறாங்க. பிரியாணிதான் அவருக்குச் சொர்க்கம். அந்தப் பையனா நடிச்ச நாக விஷாலுக்கு தேசிய விருது கிடைச்சுது.

9)
பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' படத்துல பெரியவர் பேரு கருப்பசாமி. அதுலயும் ஒரு கருப்பு. நடிச்சவர் ஆர். ராஜு, அவரும் மு. ராமசாமி மாதிரி நாடகத்துல இருந்து வந்தவர்தான். கருப்பசாமி நைட் வாட்ச்மேன். தங்கச்சி வீட்ல, மருமகப் பிள்ளைங்களோட நல்லா இருக்கார். ஒரு விபத்துல இடுப்பு எலும்பு உடையுது. மகன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போறான். ஆபரேஷன் வேண்டாம்னு முடிவாகுது. கொஞ்ச நாள்ல பெரியவர் செத்துப்போறார். எப்படிச் செத்தார்னு மருமகன்கள் கேட்க ஆரம்பிக்கிறதுதான் மீதிப் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கின படம் இது.

10)
டேங்க் ஃபேக்டரி அண்ணன் சொன்னார்: "டாக்டர் தம்பி, கே.டி. ஒரு பொய். ஓடிப்போற கிழவனுக்கு நிஜத்துல எந்தக் குட்டியும் கிடைக்க மாட்டான். பாரம்தான் நிஜம்."

தமிழாசிரியர் விடலை. "அண்ணே, பாரத்துல அந்தப் பெரியவர் படுத்த பிறகு அவருக்கு என்ன பிடிக்கும்னு யாருமே கேட்கலை. கே.டி.யில அதைத்தான் அந்தப் பையன் கேட்கிறான். நிஜத்துல கேட்க ஆள் இல்லைங்கிறதுக்காக அந்தக் கேள்வியே பொய்யாயிடுமா?"

அன்னைக்கு டீக்காசு அண்ணன்தான் கொடுத்தார்.

11)
இப்ப மருத்துவனா ஒரு விஷயம் சொல்லணும். 'பாரம்' படத்துல என்னை ரொம்ப உறுத்தினது கடைசிக் கொலையை விட, அதுக்கு முன்னாடி நடந்ததுதான். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்?"

இந்தக் கேள்வியை அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லின்னு எந்தப் பக்கம் போனாலும் கேட்கலாம். கேட்கிறவங்க கொலைகாரங்க இல்லை. அம்மா அப்பா மேல உயிரையே வச்சிருக்கிறவங்கதான். "வயசான காலத்துல கத்தி வைக்கணுமா? பாவம், வலி தாங்குவாங்களா? கட்டு போட்டா ஒட்டிக்காதா?"

12)
ஒட்டாது மக்களே. கை, முழங்கை மாதிரி இல்லை இது. தொடை எலும்பு இடுப்புல சேர்ற இடம். உடல் பாரம் முழுக்க அங்கதான் இறங்குது. வெளியில எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ள உடைஞ்ச எலும்பை அந்தக் கட்டு பிடிச்சு நிறுத்தாது. புத்தூர் கட்டு போர்டு நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கு. நம்பிக்கை உங்க விருப்பம். ஆனா இடுப்பு எலும்புக்கு மட்டும் அந்த வழி போகாதீங்க.

13)
கட்டிப் போட்டு படுக்க வச்சா என்ன ஆகும்? முதுகுல படுக்கைப்புண் வரும். சளி நுரையீரல்ல தேங்கி நிமோனியா வரும். கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகும். சிறுநீர்ல தொற்று வரும். கொஞ்ச நாள்ல பெரியவங்க பேச்சும் சாப்பாடும் குறையும். கடைசியில "விழுந்ததுல இருந்து எழுந்திரிக்கவே இல்லை, வயசாயிடுச்சு, போயிட்டாங்க"ன்னு சொல்லிடுவோம்.

போனது வயசால இல்லை. படுக்கையால.

14)
உடம்பு தாங்கும்னா 48 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் செய்யறது நல்லது. பல பேரை மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வைப்பாங்க. 80 வயசுக்கு மேலயும் செய்றாங்க. வலி குறையறதுக்கும், கழுவி விடுறவங்க சிரமம் குறையறதுக்கும்கூட இதுதான் வழி.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? விழுந்த பிறகு எழுந்து நிக்க முடியலை, ஒரு கால் கொஞ்சம் குட்டையா தெரியுது, பாதம் வெளிப்பக்கமா திரும்பி இருக்குன்னா இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் தேய்க்காதீங்க, இழுக்காதீங்க, நடக்க வச்சுப் பார்க்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க.

15)
"காசு?" நியாயமான கேள்வி. பாரம் மகனையும் அந்தப் பயம்தான் தள்ளுது. அவன் செஞ்சதை நான் மன்னிக்கலை. ஆனா பயத்தோட வந்தவனுக்கு வழி காட்ட ஒருத்தர்கூட இல்லாம போச்சேன்னு தோணுது.

கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜி.எச். எல்லாமே அரசு ஆஸ்பத்திரி, எலும்பு ஆபரேஷன் நடக்கிற இடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. கிண்டியில 2024-ல திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை 200 படுக்கையோட முழுக்க முழுக்க வயசானவங்களுக்குன்னே இருக்கு. காப்பீட்டுக் கார்டு எங்க இருக்குன்னு விழுந்த அன்னைக்குத் தேடாதீங்க. இன்னைக்கே எடுத்து வைங்க.

16)
ஒரு விஷயத்தைக் குழப்பிக்க வேண்டாம். எந்த வைத்தியத்தாலயும் மீள முடியாத கடைசி நிலையில, வென்டிலேட்டர் வேண்டாம், வலி இல்லாம நிம்மதியா போகட்டும்னு முடிவெடுக்கிறது தலைக்கூத்தல் இல்லை. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அதுக்குச் சட்டப்படி வழி காட்டியிருக்கு. 2023-ல நடைமுறையை எளிசாக்கியிருக்கு. சுயநினைவு இருக்கும்போதே தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம்.

வித்தியாசம் என்ன? அங்க அந்தப் பெரியவரோட விருப்பம்தான் முதல்ல. தலைக்கூத்தல்ல அவரை யாருமே கேட்கிறது இல்லை.

17)
அடுத்த ஜோடி, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாலு மகேந்திராவோட 'வீடு' (1988), 'சந்தியா ராகம்' (1989). ரெண்டுலயும் சொக்கலிங்க பாகவதர், ரெண்டுலயும் அர்ச்சனா.

'வீடு' நம்ம பக்கத்துக் கதை. சுதாங்கிற வேலைக்குப் போற பொண்ணு, தாத்தா, தங்கச்சி. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுறாங்க. வளசரவாக்கத்துல இருக்கிற மனையில சொந்தமா ஒரு வீடு கட்ட ஆரம்பிக்கிறாங்க. இன்னைக்கு வளசரவாக்கம்னா நடுச் சென்னை மாதிரி. அன்னைக்கு அது ஊர்க்கோடி, இப்ப நமக்குத் திருநின்றவூர் மாதிரி.

18)
கடன், காண்ட்ராக்டர் திருட்டு, மழை, லஞ்சம். சிமென்ட் போற கதையைப் போட்டு உடைக்கிற சித்தாளா 'பசி' சத்யா. பாட்டே கிடையாது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' இசைதான் பின்னணியில. கடைசியில இடமே மெட்ரோ வாட்டருக்குச் சொந்தம்னு வந்து நிக்கும். சி.டி.எச். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மனை வாங்கி வீடு கட்டின எந்தக் குடும்பமும் இந்தப் படத்தைப் பார்த்துட்டு "இது நம்ம கதை"ன்னுதான் சொல்லும்.

நடுவுல, பாதி கட்டின வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியா கிளம்பி வருவார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த முகத்துல இருக்கிற சந்தோஷம்! பார்த்துட்டுத் திரும்பும்போது செத்துப்போவார். தன் வீட்ல ஒரு நாள்கூட வாழாம.

19)
'சந்தியா ராகம்' அடுத்த பக்கம். மனைவி போன பிறகு கிராமத்துப் பெரியவர் பட்டணத்துல அண்ணன் தம்பி பிள்ளை வீட்டுக்கு வர்றார். அந்தப் பிள்ளையா நடிச்சவர் ஓவியர் வீர சந்தானம். சின்ன வீடு, சின்னச் சம்பளம். யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா இடம் இல்லை. கடைசியில பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்றார். குடும்ப நலன் பத்தின சிறந்த படம்னு தேசிய விருது வாங்கின படம்.

ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒண்ணுல வீட்டுக்கு ஏங்குற பெரியவர், அவர் குடிபோக வீடு இன்னும் முடியலை. இன்னொண்ணுல வீடு இருக்கு, பெரியவருக்கு அதுல இடம் இல்லை.

20)
நம்ம புறநகர் எப்படி வளர்ந்துச்சு? எஸ்டேட் கம்பெனிக்கும் டேங்க் ஃபேக்டரிக்கும் வேலைக்கு வந்தவங்க சீட்டு போட்டு, நகை அடகு வச்சு, லோன் போட்டுக் கட்டின வீடுங்க. அன்னைக்கு அவங்களுக்கு 35 வயசு. வயசாகும்னு யாரும் நினைச்சுக் கட்டலை. குறுகலான செங்குத்துப் படி. வீட்டுக்குப் பின்பக்கம் பாத்ரூம். ரோடு போடப் போட உசரமாகி, மழைத்தண்ணி உள்ள வராம இருக்க வாசல்ல இன்னும் ரெண்டு படி, மூணு படி.

பிறகு மாடி எடுத்தோம். கீழ் வீட்டுக்கு வாடகை நல்லா வரும்னு அதை வாடகைக்கு விட்டோம். அம்மா அப்பா மாடியில.

நான் இதைச் சொன்னப்போ டேங்க் ஃபேக்டரி அண்ணன் கொஞ்ச நேரம் பேசலை. பிறகு, "எனக்கும் மாடிலதான் தம்பி. முட்டி வலிக்குதுன்னு இப்ப அடிக்கடி கீழ இறங்குறதில்லை"ன்னார். ஞாயித்துக்கிழமை மட்டும் எங்களுக்காக இறங்கி வர்றார்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

21)
கீழ இறங்குறது குறைஞ்சா என்ன ஆகும்? நடை குறையும். தொடைச் சதை வத்தும். வெயில் படாது. ஆள் பேச்சு இருக்காது. தூக்கம் கெடும். தூக்க மாத்திரை வரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடும். மறுபடியும் அதே இடுப்பு எலும்பு. 'சந்தியா ராகம்' முடியற இடத்துல 'பாரம்' ஆரம்பிக்குது.

22)
"வெளிநாட்டுலதான் பெத்தவங்களைக் கைவிடுவாங்க"ன்னு பேசுறவங்களுக்கு ஒரு ஜோடி. 1937-ல அமெரிக்காவுல லியோ மெக்கேரி எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ'. பேங்க் வீட்டை எடுத்துக்கிட்டதால வயசான தம்பதி பிரிஞ்சு, ஆளுக்கொரு பிள்ளை வீட்டுக்குப் போறாங்க. 1953-ல ஜப்பான்ல ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. பிள்ளைங்களைப் பார்க்க டோக்கியோ வர்ற அம்மா அப்பாவுக்கு நேரம் ஒதுக்க யாராலயும் முடியலை, செத்துப்போன மகனோட மனைவியைத் தவிர.

இதுல மூத்த மகன் யார் தெரியுமா? புறநகர்ல கிளினிக் வச்சிருக்கிற டாக்டர். ஞாயித்துக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போறதா இருக்கும்போது ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு கிளம்பிடுவார். ஊர் திரும்பின அம்மா நினைவு தப்பிக் கிடக்கும்போது, விடியற வரைக்கும் தாங்காதுன்னு சொல்றதும் அவர்தான். நோயாளிக்கு நேரம் இருந்துச்சு, அம்மாவுக்கு இல்லை. புறநகர் டாக்டர் எவனும் இந்தப் படத்தைச் சும்மா பார்த்துட்டுப் போக முடியாது.

23)
லேத் பட்டறை நண்பன் எப்பவும் சொல்றது: "படம் பார்த்து எவன்டா திருந்தினான்?"

யாரும் திருந்த வேண்டாம். பேச ஆரம்பிச்சா போதும். "அப்பா, உங்களுக்குக் கீழ ரூம் வேணுமா?"ன்னு திடீர்னு கேட்க நமக்கு வாய் வராது. ஒரு படத்தைச் சேர்ந்து பார்த்துட்டு, "அந்தத் தாத்தா பண்ணது சரியா?"ன்னு கேட்டா அவங்க மனசுல இருக்கிறது தானா வெளிய வரும்.

24)
செய்யக்கூடியது சிலது சொல்றேன்:

• பாத்ரூம்ல கைப்பிடி வைங்க. வழுக்காத மேட் போடுங்க. வெஸ்டர்ன் டாய்லெட் மாத்துங்க. ராத்திரி எரியற சின்ன லைட் ஒண்ணு.
• முடிஞ்சா கீழ் வீட்ல ஒரு ரூம் அவங்களுக்கு. வாடகையை விட இடுப்பு ஆபரேஷன் செலவு அதிகம்.
• படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் பிடி.
• எழுந்ததும் தலை சுத்துதுன்னா மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. கண்ணுல புரை இருக்கான்னு பாருங்க.
• வீட்டை எழுதிக் கொடுக்கிற பெரியவங்களுக்கு: "என்னைப் பராமரிக்கணும்"ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே சேருங்க. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தோட 23-வது பிரிவுப்படி, பராமரிக்கலைன்னா அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி தீர்ப்பாயத்துல மனு போடலாம்.
• முதியோர் உதவி எண் 14567. போன்ல சேமிச்சு வைங்க.

25)
பாலு மகேந்திரா கடைசியா எடுத்த 'தலைமுறைகள்' (2013) படத்துல அவரே தாத்தாவா நடிச்சார். அடுத்த பிப்ரவரியில காலமானார். 'வீடு' தாத்தா, 'சந்தியா ராகம்' பெரியவர், கடைசியில தானே ஒரு தாத்தா. 25 வருஷம் அந்த மனுஷன் விடாம கேட்டது ஒரே கேள்விதான்: வயசானவருக்கு நம்ம வீட்ல எந்த இடம்?

26)
இந்த வாரம் ஏதாவது ஒரு ஜோடியை வீட்ல பெரியவங்களோட சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. முதல்ல சோகப் படம், அப்புறம் கே.டி. மாதிரி ஒண்ணு. முடிஞ்சதும் அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உங்களுக்கு என்ன ஆசை?" பதில் பிரியாணின்னா வாங்கிக் கொடுங்க. சுகர் இருந்தா அளவு மட்டும் பார்த்துக்கலாம்.

உங்க ஜோடிப் படம் எதுன்னு கீழ சொல்லுங்க. காரணமும் சொல்லணும். சொல்லலைன்னா டீக்காசு உங்க தலையில.